கறுப்புப் பட்டி கட்டுவித்த ஆசான்

சனிக்கிழமை மாலைகளிற் குண்டசாலைச் சந்தியில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கராத்தே வகுப்பு முடிந்து, வெள்ளையுடை தரித்த சிறுவரும் சிறுமியரும் கூட்டமாக வருவர். இடையிலே மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம் எனப் பல நிறப் பட்டிகள். அவர்கள் ஒருவரையொருவர் நோக்கும்போது முதலிற் பார்ப்பது முகத்தையன்று, பட்டியைத்தான். உடன் வரும் பெற்றோரும் அவ்வாறே. அடுத்த நிறம் எப்போது கிடைக்கும், அதற்குப் பரீட்சைக் கட்டணம் எவ்வளவு என்ற பேச்சே அங்கு பெரும்பாலும் காதில் விழும்.

இந்தப் பட்டியை முதன்முதலாக ஒரு மாணாக்கனின் இடையிற் கட்டுவித்தவர் யார், என்ன கருத்துடன் கட்டுவித்தார் என்று கேட்டால், பட்டி கட்டியவர்களிற் பலருக்கே விடை தெரிவதில்லை. ஒரு கதை மட்டும் எங்கும் வழங்குகிறது. ஆதியில் எல்லோரும் வெள்ளைப் பட்டியே கட்டினராம். அதைத் துவைக்காமல் வருடக்கணக்காகக் கட்டிப் பழக, வியர்வையும் புழுதியும் படிந்து அது தானே கறுத்துப் போயிற்றாம். கேட்க இனிமையான கதைதான். ஆனால் நடந்தது அதுவன்று. கறுப்புப் பட்டி அழுக்கினால் விளையவில்லை. ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் ஆலோசித்துச் செய்த ஏற்பாடு அது. அவர் பெயர் ஜிகோரோ கானோ. கராத்தேக்கு அவர் ஆசிரியருமல்லர். ஜூடோ என்னும் கலையை வகுத்தவர். அவரிடமிருந்து கடன் வாங்கிய பட்டியைத்தான் இன்று கராத்தே வகுப்பிலே நம் பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

கானோ 1860ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், யப்பானின் கோபே நகருக்கருகிலுள்ள மிக்கஹே என்னும் கடற்கரையூரிற் பிறந்தார். சாக்கே என்னும் அரிசி மதுவை வடித்து விற்ற செல்வக் குடும்பம் அது. பத்து வயதளவில் தாயை இழந்தார். பிறகு தந்தையார் மகனைத் தலைநகராகிய டோக்கியோவுக்கு அழைத்துச் சென்று கல்வியில் விட்டார். ஆங்கிலத்திலே பாடங்கள் நடந்த ஒரு விடுதிப் பாடசாலையிற் சேர்ந்த சிறுவன் படிப்பிலே சூரன். ஆனால் தேகமோ மெலிந்தது. வளர்ந்து ஆளான பின்னரும் அவர் உயரம் ஐந்தடியும் சில அங்குலங்களுமே. விடுதி வாழ்வை அறிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. படிப்பிலே முதல்வனாகவும் உடம்பிலே கடைசியாகவும் இருப்பவன் படும் பாடு எந்த நாட்டு விடுதியிலும் ஒன்றுதான். பெரிய பையன்கள் அவரை அடித்தனர், தள்ளினர், ஏவல் செய்வித்தனர்.

மெலிந்தவன் தன்னிலும் பலமுள்ளவனை வீழ்த்த ஒரு வித்தை உண்டென்றும், அதற்கு ஜூஜுட்சு என்று பெயரென்றும் அவர் கேள்விப்பட்டார். கற்பிப்பாரைத்தான் காணவில்லை. 1868இல் யப்பானில் ஆட்சி மாறியது. வாளேந்தும் சாமுராய் வகுப்பாரின் உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. 1876இல் வாள் தரிப்பதும் தடையாயிற்று. மேல்நாட்டு நாகரிகம் வெள்ளம்போல வந்த அந்நாளிலே பழைய மல்வித்தைகளை மதிப்பாரில்லை. கண்டி இராச்சியத்தின் வீரர்கள் பயின்ற அங்கம்பொர ஆங்கிலேயர் ஆட்சியில் நலிந்து மூலையிற் பதுங்கியதை அறிந்த நமக்கு இது புதிய கதையன்று. யப்பானிலும் அந்த வித்தையின் ஆசான்மார் முறிந்த எலும்பைக் கட்டும் வைத்தியர்களாக வயிறு வளர்த்தனர். கானோவின் வீட்டுக்கு வந்து போனவர்களுள் அவ்வித்தை தெரிந்தவர்கள் இருந்தும், இக்காலத்துப் பிள்ளைக்கு இது வேண்டாததென்று கைவிரித்தார்கள். தந்தைக்கும் அதே எண்ணம்.

1877இற் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த பின்னரே அவருக்கு ஆசான் வாய்த்தார். எலும்பு கட்டுவோரிடமே கேட்டுக் கேட்டுப் போய், ஹச்சினொசுக்கே ஃபுக்குடா என்பவரைக் கண்டுபிடித்தார். ஃபுக்குடா விளக்கம் சொல்லும் ஆசானல்லர். இதை எப்படிச் செய்வதென்று மாணாக்கன் கேட்டால், கூப்பிட்டு எறிவார். மீண்டும் கேட்டால் மீண்டும் எறிவார். விழுந்து விழுந்து உடம்பே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் முறை. கானோ பகலிலே பல்கலைக்கழகத்திற் பொருளாதாரமும் அரசியலும் கேட்டார். மாலையிலே பாயில் விழுந்தார். இரவிலே காயத்துக்குக் களிம்பு பூசினார்.

அங்கே ஃபுக்குஷிமா என்னும் பருத்த மாணாக்கர் ஒருவர் இருந்தார். கானோ எத்தனை முறை பிடித்தும் அவரை அசைக்க முடியவில்லை. வேறொருவராயின் இன்னும் மூர்க்கமாக மோதியிருப்பார். கானோ புத்தகசாலைக்குப் போனார். சுமோ மல்லரின் பிடிகளை ஆராய்ந்தார். மேல்நாட்டு மற்போர் நூல்களைப் புரட்டினார். எதிரியின் கால்களுக்கிடையே குனிந்து புகுந்து தோளிலே தூக்கி எறியும் ஒரு முறையைக் கண்டுகொண்டார். நண்பர்களிடம் அதைப் பழகிய பின் ஒருநாள் அந்தப் பருத்த உருவத்தைத் தூக்கிப் பாயிற் போட்டார். இந்த நிகழ்ச்சியிலேயே முழுக் கானோவும் அடங்கியிருக்கிறார் என்பது என் எண்ணம். பலத்துக்கு எதிரே பலத்தைத் தேடாமற் காரணத்தைத் தேடிய மனிதர் அவர்.

1879இல் அமெரிக்க முன்னாட் சனாதிபதி கிராண்ட் யப்பானுக்கு வந்தபோது அவர்முன் ஜூஜுட்சு காட்டியவர்களில் இளைஞர் கானோவும் ஒருவர். அதே வருடம் ஃபுக்குடா காலமானார். அடுத்து ஈசோ என்ற முதியவரிடம் பயின்றார்; அவரும் 1881இல் மறைந்தார். மூன்றாவதாகக் கிற்றோ மரபைச் சேர்ந்த ஈக்குபோ என்பவரை அடைந்தார். ஐம்பது வயது கடந்த அவரை இளைஞர் எவராலும் எறிய முடியாது. பல காலம் எறியுண்ட கானோ, எதிரியின் சமநிலை எந்தக் கணத்திற் குலைகிறது என்பதையே கவனித்து வந்தார். ஒருநாள் ஆசானைத் தொடர்ந்து எறிந்தார். ஆசானால் அவரை எறிய முடியவில்லை. ஈக்குபோ வியந்து காரணத்தை விசாரித்தார். முதலிலே சமநிலையைக் குலைத்துப் பின்பே எறிவதென்று தாம் கண்டதைக் கானோ விளக்கினார். தம்மிடம் இனிக் கற்பதற்கு ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்ட அந்தப் பெரியவர், மரபின் ஓலைச்சுருள்களையெல்லாம் அவரிடம் ஒப்படைத்தார். விழுந்த ஆசான் எறிந்த சீடனுக்குப் பட்டம் கொடுத்த இச்செய்தியைப் படித்து நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

பழைய ஜூஜுட்சுவிலே தேர்ச்சியை அறிவிக்க இந்தச் சுருள்களே இருந்தன. முதற் சுருள், அனுமதிச் சுருள், முழு அனுமதி என மூன்று நான்கு நிலைகள் மட்டும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பல ஆண்டுகள். அதிலே எழுதியிருப்பது மரபின் இரகசியம். பெற்றவன் அதைப் பெட்டியிலே பூட்டி வைப்பான். நம் ஊரிலும் இதையொத்த ஒன்றுண்டு. கண்டிய நடனக் கலைஞர் பல வருடம் குருவிடம் பயின்ற பின், நல்ல முகூர்த்தத்திலே வெஸ் என்னும் வெள்ளிச் சிரசணியைச் சடங்கோடு சூட்டிக் கொள்கிறார். அதற்கு முன் அதைத் தரிக்க உரிமையில்லை. எசல பெரஹராவிலே அச்சிரசணி மின்ன ஆடுவோரைப் பார்க்கும்போது, அவர் வாழ்விலே அந்த ஒரு நாள் எத்தகைய நாளாயிருந்திருக்கும் என்று நினைக்கிறோம். அது ஒரு வாயில். ஒரே ஒரு வாயில். வாயிலுக்கு இப்பாலும் அப்பாலும் எத்தனை படிகள் என்று யாரும் எண்ணுவதில்லை.

கானோ எண்ண விரும்பினார். 1882இல், இருபத்தொரு வயதிலே, டோக்கியோவில் எய்ஷோஜி என்ற பௌத்த கோயிலின் ஓர் அறையை எடுத்துத் தமது பள்ளியைத் தொடங்கினார். பன்னிரண்டு பாய்கள் விரித்த இடம். மாணாக்கர் ஒன்பது பேர். அதற்குக் கோடோக்கான் என்று பெயரிட்டார். நெறியைக் கற்கும் இடம் என்பது பொருள். வித்தையின் பெயரையும் ஜூடோ என மாற்றினார். ஜூஜுட்சுவில் ஈற்றிலே நின்றது வித்தை என்னும் சொல்; ஜூடோவில் ஈற்றிலே நிற்பது வழி என்னும் சொல். மாணாக்கர் விழும் அதிர்ச்சியிலே கோயிலின் நினைவுப் பலகைகள் தட்டுக்களிலிருந்து உருண்டன. கூரை ஓடுகள் நழுவின. கோயில் குரு பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, வேறிடம் பார்க்கும்படி வேண்டிக்கொண்டார். நம் வயதையொத்த ஓர் இளைஞர், சம்பளத்திலிருந்தும் மொழிபெயர்த்துச் சம்பாதித்த காசிலிருந்தும் மாணாக்கருக்குச் சோறும் போட்டு வித்தையும் சொல்லிக் கொடுத்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அவர் முன்னே இருந்த பிரச்சினை இதுதான். இளைஞன் ஒருவன் ஆர்வத்தோடு வருகிறான். முதற் சுருள் கிடைக்க வருடங்கள் செல்லும். இடையிலே தான் முன்னேறுகிறானா, நின்ற இடத்திலே நிற்கிறானா என்பது அவனுக்குத் தெரியாது. ஆசானுக்கும் பத்துப் பேர் உள்ளபோது தெரியும். நூறு பேரானபின் தெரியாது. யப்பானியரின் கோ என்னும் காய்விளையாட்டிலே ஆட்டக்காரரைப் படிப்படியாகத் தரம்பிரிக்கும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அப்படிக்கு டான் என்று பெயர். கானோ அந்த வழக்கத்தைப் பாயின்மேற் கொண்டுவந்தார். 1883இல் ஷிரோ சைகோ, சுனெஜிரோ டொமித்தா என்னும் இரு மாணாக்கர்க்கு முதற்படி அளித்தார். ஒருவருக்கு வயது பதினேழு, மற்றவருக்குப் பதினெட்டு. உலகத்திலே மற்போர்க் கலையொன்றில் முதற்படி பெற்றவர்கள் இவ்விருவருமே. அப்போது அவர்கள் இடையிற் புதுப்பட்டி எதுவும் ஏறவில்லை. எல்லோரையும்போலவே அவர்களும் உடுத்தார்கள். 1886ஐ ஒட்டியே, படி பெற்றவர் கறுப்புப் பட்டி கட்டும் வழக்கம் வந்தது. நெரிசலான மண்டபத்திலே யாருடன் பழகுகிறோம், அவரை எவ்வளவு வேகமாக எறியலாம், யாரிடம் சந்தேகம் கேட்கலாம் என்பது தூரத்திலிருந்தே தெரியவேண்டும் அல்லவா? பட்டியின் முதற் பயன் அதுவே.

முதற்படிக்கு யப்பானிய மொழியில் ஷோடான் என்று பெயர். ஷோ என்பது தொடக்கம். நம்மவர் இங்கேதான் தடுமாறுகிறோம். கறுப்புப் பட்டி என்றதும் வித்தையை முடித்தவர் என்று எண்ணுகிறோம். பத்திரிகையிலே படமும் போடுகிறோம். கானோவின் கணக்கிலே அது முடிவன்று. உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்து பேராதனைப் பல்கலைக்கழக வாயிலில் முதல்நாள் வந்து நிற்கும் மாணவனை எண்ணிக் கொள்ளுங்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியும், நூலகத்தில் எந்தத் தட்டிலே எதைத் தேடுவதென்ற அறிவு உண்டு. பட்டதாரி என்று அவனை எவரும் சொல்லார். கறுப்புப் பட்டி கட்டியவன் அவனைப் போன்றவன். அடிப்படை கைவந்துவிட்டது, இனிமேற்றான் உண்மையான படிப்பு என்று ஆசிரியர் அவனுக்கு அறிவிக்கிறார்.

அவர் படி கொடுத்த முறையும் கவனிக்கத்தக்கது. மாதந்தோறும் போட்டி உண்டு. ஆண்டுக்கு இருமுறை சிவப்பு அணி, வெள்ளை அணி எனப் பிரித்து நடத்தும் பெரும் போட்டி 1884இல் தொடங்கியது. வென்றவன் பாயிலேயே நிற்க, அடுத்த எதிரி வருவான். அவனையும் வென்றால் அடுத்தவன். ஒரே நாளிற் பலரைத் தொடர்ந்து வீழ்த்தியவனுக்கு அங்கேயே படி உயர்வு கிடைப்பதுண்டு. கடுங்குளிர்க் காலத்திலே விடியுமுன் எழுந்து முப்பது நாள் இடைவிடாது பழகும் விரதமும் இருந்தது. இவை மட்டும் போதா. ஒருவன் நடத்தை, பிறருக்குக் கற்பிப்பதில் அவன் காட்டும் பொறுமை, கலைக்கு அவன் ஆற்றிய தொண்டு எல்லாம் மேற்படிகளுக்குக் கணக்கிடப்பட்டன. பாயிலே வெல்பவன் என்பதற்காக மட்டும் மேலே ஏற்றிவிடுவதில்லை.

என்னுடன் விடுதியிலிருந்த நண்பரொருவர் நான்கு வருடம் பழகிய பின், பச்சையிலிருந்து நீலத்துக்கான பரீட்சையிலே தவறினார். அடுத்த வாரமே வகுப்பை விட்டுவிட்டார். உடுப்பை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த நான்கு வருடத்தில் அவர் உடம்பு கற்ற எதுவும் அன்று பரீட்சையிற் போய்விடவில்லை. போனது நிறம் மட்டும். ஆயினும் அவருக்கு அது புரியவில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. எதைக் காட்டி அழைத்தார்களோ அதைத்தானே அவர் எதிர்பார்த்து வந்தார்!

முதற்படி பெற்ற இருவரில் ஷிரோ சைகோவின் கதை தனியே சொல்லத்தக்கது. ஐந்தடி உயரமே உள்ள சிறிய உருவம். பூனைபோல எப்படி எறிந்தாலும் காலூன்றி நிற்பார். 1886ஐ அடுத்து டோக்கியோ நகரப் பொலிஸார் நடத்திய போட்டிகளிற் பழைய ஜூஜுட்சுப் பள்ளிகளின் வலிய மல்லர்களைக் கோடோக்கான் மாணாக்கர் வென்றபோது பெரும் புகழடைந்தவர் அவரே. மலைச்சூறாவளி என்ற பெயர் கொண்ட அவருடைய எறிமுறையைப் பின்வந்தவர் எவரும் அவ்வளவு திறம்படச் செய்யவில்லை என்பர். அந்தச் சைகோ, கானோ ஐரோப்பாவில் இருந்த காலத்திலே பள்ளியை விட்டுப் போய்விட்டார். பின்பு ஜூடோவுக்குத் திரும்பவேயில்லை. பத்திரிகைத் தொழில் செய்தார், வில்வித்தை பழகினார், 1922இல் ஊர் விலகிக் காலமானார். கானோ அவருக்கு ஆறாம் படி அளித்தார். கட்டிக்கொள்ள இடையில்லாத ஒருவருக்கு அளித்த பட்டி அது! முப்பது வருடம் பிரிந்திருந்த சீடனை ஆசான் தம் பதிவேட்டிலிருந்து அழித்துவிடவில்லை என்பதை அது காட்டுகிறது. டொமித்தாவின் மகன் பிற்காலத்தில் நாவலாசிரியரானார்; சைகோவை மனத்திற்கொண்டு அவர் எழுதிய நாவலே 1943இற் குரோசாவாவின் முதற் திரைப்படமாயிற்று.

கானோவைப் பாயிலே மட்டும் வைத்துப் பார்ப்பது சரியன்று. அவர் உத்தியோகம் ஆசிரியம். பிரபுக்களின் பிள்ளைகள் படித்த கக்குஷுயின் பாடசாலையில் ஆரம்பித்தார். 1889இல் அரசாங்கம் அவரை ஐரோப்பாவின் கல்வி முறைகளைப் பார்த்துவர அனுப்பியது. திரும்பி வந்தபின் குமமோட்டோ நகரக் கல்லூரிக்கு அதிபரானார். அங்கே ஆங்கில ஆசிரியராக அமர்ந்த லஃப்காடியோ ஹேர்ன் எழுதிய கட்டுரையினாலேயே ஆங்கில வாசகர் பலர் ஜூஜுட்சுவை முதலில் அறிந்தனர். 1893 முதல் 1920 வரை, இடையிடையே விலகியிருந்த காலம் நீங்கலாக, டோக்கியோ உயர் ஆசிரிய கலாசாலையின் அதிபர் அவரே. யப்பானெங்கும் சென்ற ஆசிரியர்கள் அவர் கையால் உருவானவர்கள். சீன மாணவர்க்கென அவர் நடத்திய கலாசாலையிலே படித்தவர்களுள் பின்னாளிற் பேரெழுத்தாளரான லூசுன் ஒருவர். எறிவதும் பிடிப்பதும் அவருக்கு ஒரு பாடம். கணிதத்தைப்போல, இலக்கணத்தைப்போல ஒரு பாடம். படிகளையும் பட்டிகளையும் வகுத்தது மல்லரின் மனமன்று, வகுப்புகளையும் தவணைகளையும் அறிந்த ஆசிரியரின் மனம் என்பது இதனாற் புலப்படும்.

ஐரோப்பாவிலிருந்து திரும்பிய அக்கப்பற் பிரயாணத்திலே பருத்த ரஷ்ய அதிகாரி ஒருவர் கானோவின் சிறிய உருவத்தைக் கண்டு சோதிக்க வந்தார் என்பர். கானோ அவரை எறிந்தார். எறிந்த அதே கணத்தில் அவர் தலை பலகையில் மோதாதபடி தம் கையைக் கீழே கொடுத்தார். சூழ நின்றவர்கள் எறிந்ததைவிடத் தாங்கியதையே மெச்சினர். சக்தியை மிக நன்றாகப் பயன்படுத்துவது, தானும் பிறரும் சேர்ந்து செழிப்பது என்ற இரண்டையும் அவர் பிற்காலத்தில் ஜூடோவின் கொள்கைகளாக அறிவித்தார். இரண்டும் அந்தக் கப்பல் தளத்திலேயே இருந்தன.

ஜூடோ கடல் கடந்தது. யோஷித்சுகு யமஷித்தா என்னும் மூத்த சீடர் 1904இல் அமெரிக்க சனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே வெள்ளை மாளிகையிற் பாடம் சொன்னார். மாயேடா என்பவர் பிரேசிலுக்குப் போனார். அங்கே இன்று பெயர்பெற்றிருக்கும் பிரேசிலிய ஜூஜிட்சுவுக்கு விதை அவரிட்டது. நமக்கு அண்மையில், 1929இல் மகாகவி தாகூர் டகாகாகி என்னும் ஜூடோ ஆசிரியரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்தார். ஆண்களோடு பெண்களும் அங்கே பயின்றனர். 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்து கண்டிய நடனத்திலே மனம் பறிகொடுத்ததை நாமறிவோம். அவர் வெஸ்ஸையும் ரசித்தார், பட்டியையும் வரவேற்றார் என்று எண்ண எனக்கு ஓர் ஆனந்தம்.

பல நிறங்கள் கானோவின் ஏற்பாடல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் பள்ளியிலே வளர்ந்தவர்க்கு வெள்ளையும் மண்ணிறமும், படி பெற்றோர்க்குக் கறுப்பும் போதுமானவையாயிருந்தன. மஞ்சள், செம்மஞ்சள், பச்சை, நீலம் என்பவை இலண்டனிலும், 1935க்குப் பின் பாரிஸிற் கவாயிஷி என்ற ஆசிரியர் கையிலும் பெருகியவை. மேல்நாட்டு மாணாக்கர் நீண்ட காலம் வெள்ளையிலேயே காத்திருக்கப் பொறுமையற்றவர் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் பொருத்தமானதே. ஆனால் படிகள் பெருகப் பெருகப் பரீட்சைகள் பெருகின. பரீட்சைகள் பெருகக் கட்டணங்களும் பெருகின. பத்து வயதுப் பாலகன் கறுப்புப் பட்டியோடு நிற்பதையும் இன்று காண்கிறோம். பிள்ளையின் ஊக்கத்துக்கு நிறம் நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. விற்பனைக்கு வந்த நிறத்தைத்தான் மறுக்கிறேன்.

கராத்தேக்குப் பட்டி வந்தது 1924இல். கிச்சின் ஃபுனக்கோஷியும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்; ஒக்கினாவாத் தீவினர். 1922இல் டோக்கியோவுக்கு வந்து கராத்தே காட்டிய அவரைக் கானோ கோடோக்கானுக்கு அழைத்து மாணாக்கர்முன் செய்துகாட்டச் சொன்னார். வேறொரு கலையைப் போட்டியாக நினைத்துத் தள்ளவில்லை. இரண்டு வருடத்தின்பின் ஃபுனக்கோஷி தம் மாணாக்கர் சிலருக்குக் கானோவின் முறையிலே படியும் கறுப்புப் பட்டியும் அளித்தார். ஜூடோவின் வெள்ளையுடையும் சற்று மெல்லிய துணியில் அங்கே சென்றது. குண்டசாலைச் சந்திக்கு வந்து சேர்ந்த வழி அதுவே.

கறுப்புக்கு மேலும் நிறமுண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஐந்தாம் படிவரை கறுப்பு. ஆறு முதல் எட்டுவரை சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் பட்டி. ஒன்பது, பத்துக்குச் சிவப்பு. கோடோக்கானில் முதன்முதற் பத்தாம் படி பெற்றவர் ரூஸ்வெல்ட்டுக்குக் கற்பித்த அதே யமஷித்தா. அதுவும் 1935இல் அவர் மறைந்த பின்னர். 2006 வரை பதினைந்து பேருக்கே அப்பேறு கிடைத்தது. படிகளுக்கு மேலெல்லை பத்து என்று கானோ முடிவுகட்டவுமில்லை. அவருக்கு எத்தனையாம் படி? ஒன்றுமில்லை. கொடுப்பவருக்குப் படி கொடுக்க மேலே எவருமில்லை. தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ள அவர் கருதவுமில்லை. வெள்ளைப் பட்டியோடு தம்மைப் புதைக்கச் சொன்னார் என்று ஒரு கதை வகுப்புகளிற் சொல்வார்கள். பதிவேட்டிலே படியில்லாமல் நின்ற உண்மையே போதுமானது, கதை வேண்டியதில்லை.

1909இற் சர்வதேச ஒலிம்பிக் குழுவிற் சேர்ந்த முதல் ஆசியர் அவர். 1912இல் ஸ்டொக்ஹோம் விழாவுக்கு யப்பானின் முதல் அணியை, இரண்டே வீரர்களை, அழைத்துச் சென்றார். அவர்களுள் மரதன் ஓடிய கனக்குரி வெயிலில் மயங்கி ஒருவருக்கும் சொல்லாமல் விலகினார்; 1967இல் முதியவராக அழைக்கப்பட்டு அந்த ஓட்டத்தை முடித்தார் என்பது ஒரு சுவையான செய்தி. கானோ ஒலிம்பிக்குக்கு இத்தனை பாடுபட்டும் ஜூடோவை அதிலே சேர்க்க அவசரப்படவில்லை. பதக்கத்துக்காகப் பழகும் வழக்கம் தம் கலையைக் கெடுத்துவிடுமோ என்ற தயக்கம் அவருக்கிருந்தது. 1940ஆம் ஆண்டு விழாவை டோக்கியோவுக்குப் பெறுவதிலே முன்னின்றார். அதன் பொருட்டு 1938இற் கெய்ரோக் கூட்டத்துக்குச் சென்று, அமெரிக்கா வழியாக ஹிக்கவா மாரு என்னும் கப்பலில் வீடு திரும்பும்போது நுரையீரற் சுரங் கண்டது. மே மாதம் 4ஆம் திகதி, யொக்கோஹாமாவை அடைய இரண்டு நாளிருக்கையில், நடுக்கடலில் உயிர் நீங்கினார். வயது எழுபத்தேழு. பேழைமீது ஒலிம்பிக் கொடி போர்த்தியிருந்தது. இரண்டு மாதத்தில், சீனாவுடன் யுத்தத்தில் மூழ்கிய யப்பான் அந்த விழாவைக் கைவிட்டது. பன்னிரண்டு பாய்களில் தொடங்கிய கோடோக்கான் அப்போது ஐந்நூறுக்கு மேற்பட்ட பாய்கள் விரித்த மண்டபமாயிருந்தது.

ஒன்றை மட்டும் அவர் காலத்து ஏற்பாடு நேராக்கவில்லை. கானோ பெண்களுக்கு 1893இலேயே கற்பிக்கத் தொடங்கினார். 1926இற் கோடோக்கானிலே பெண்கள் பிரிவும் அமைந்தது. அந்த நாளில் அது பெரிய துணிவு. ஆனால் பெண்கள் போட்டியிடுவதில்லை. அவர்களின் கறுப்புப் பட்டியிலே நெடுகிலும் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஐந்தாம் படிக்கு மேல் அவர்களுக்கு ஏணியும் இல்லை.

1935இல் அப்பிரிவிலே சேர்ந்தவர்களுள் கெய்க்கோ ஃபுக்குடா ஒருவர். 1913இற் பிறந்தவர், கானோவின் முதல் ஆசான் ஹச்சினொசுக்கே ஃபுக்குடாவின் பேத்தி. பழைய குருவின் வீட்டை மறவாத கானோ தாமே அவரை அழைத்திருந்தார். ஐந்தடிக்கும் குறைந்த உயரம். திருமணத்தையும் வேண்டாமென்று விட்டு ஜூடோவோடு வாழ்ந்தார். 1953இல் ஐந்தாம் படி பெற்றார். அதன்பின் அமெரிக்கா சென்று நூற்றுக்கணக்கானோர்க்குக் கற்பித்தார். அவரிடம் படித்த ஆண்கள் அவரைத் தாண்டி மேலே ஏற வழியிருந்தது, அவருக்கிருக்கவில்லை. பெண் என்ற ஒரே காரணத்தால் 1972 வரை அதே படியில் நிறுத்தப்பட்டார். அவருடைய மாணாக்கியர் விண்ணப்பம் எழுதிப் போராடிய பின்னரே ஆறாம் படி கிடைத்தது. பத்தொன்பது வருடம் ஒரு படி! நம் சகோதரிகள் இப்பக்கத்தை வாசிக்கும்போது இங்கே சற்று நிற்பார்கள் என்று நம்புகிறேன். படியை வகுத்தவர் எவ்வளவு நல்லவராயினும், அதைப் பின்னர் கையில் வைத்திருப்பவர் யாரென்பதைப் பொறுத்தே அது ஏணியாவதும் வேலியாவதும்.

2006இற் கோடோக்கான் அவருக்கு ஒன்பதாம் படியும் சிவப்புப் பட்டியும் அளித்தது. அதுவரை எந்தப் பெண்ணும் அங்கே அப்படியை அடைந்ததில்லை. 2011இல் அமெரிக்க ஜூடோ சங்கம் பத்தாம் படி வழங்கியபோது அவருக்கு வயது தொண்ணூற்றெட்டு. அதற்குப் பின்னரும், 2013இல் மறையும்வரை, சன் பிரான்சிஸ்கோவிலே தம் வகுப்புக்கு வந்து ஒரு நாற்காலியில் அமர்ந்து, புதிதாக வந்த வெள்ளைப் பட்டிக்காரிகள் விழப் பழகுவதைத் திருத்திக் கொண்டிருந்தார்.